குழல்வல்ல சரப சாஸ்திரியார்

விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணன் குழலூதும் கோலத்தை ஒரு திருமொழி முழுவதும் பாடியுள்ளார். குழலின் இனிமையைப் பாடிய புலவர் பலர்; ஊதுகின்றவனுடைய முகமும் தோளும் விரலும் அவ்வமயம் எவ்வாறு அமைகின்றன என்பதை அவரைப்போற் கூர்ந்து நோக்கிப் பாடியவர் மிகச் சிலரே. தலை ஒருபுறம் சாய்கின்றது, புருவம் நெரிகின்றது, சிறிய விரல்கள் துளைகளைத் தடவித் தடவிச் செல்கின்றன. விரல்கள் தடவிச் செல்வதாக ஆழ்வார் கூறுவது கருதத்தக்கது. குழல் முகத்துக்கு ஒருபுறமாக நீண்டு கிடப்பது. ஊதுங்கால் அதன் துளைகளை நோக்கிக்கொண்டிருத்தல் எவருக்கும் இயலாது. கண்ணுடையவனும் அங்கே விரலையும் செவியையும் நம்பியே நிற்கின்றான்.

அக்குழலையே தம் வாழ்க்கைத் துணையாகக் கொண்டு, அதனை இசையரங்கின் நடுவிடத்தில் அமர்த்திய பெரியார் ஒருவர் கண்பார்வை அற்றவர். அவர்தாம் கும்பகோணம் சரப சாஸ்திரியார்.

அவர் 1872ஆம் ஆண்டிற் கும்பகோணத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்பது. ஏறத்தாழ இரண்டாண்டுக் குழவியாக இருந்தபோதே கண்ணொளியை இழந்தார். உலகின் வடிவங்கள் மனத்திற் பதியுமுன்னரே அவை அவருக்கு மறைந்துவிட்டன.

அக்காலத்தில் அத்தகைய குழந்தைக்குக் கல்வி என்பது ஏது? பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கத்தக்க எழுத்துமுறையைப் பிரான்சு நாட்டு லூயி பிரெயில் என்பவர் 1829ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். அவரும் இளமையிற் பார்வை இழந்தவர்; பாரிசு நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்; இசைக்குறிகளையும் தம் முறையில் அமைத்துக் காட்டியவர். எனினும் அம்முறையாற் பயன்கொள்ளும் பேறு காவிரிக்கரைச் சிறுவனுக்குக் கிட்டவில்லை. நம் நாட்டிற் பார்வையற்றோர்க்கென முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் தோன்றியது. தெற்கே பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டளவில் அத்தகைய கல்வி தொடங்கிற்று. அப்பொழுது சாஸ்திரியார் பதினெட்டு வயதை எட்டிவிட்டார்.

ஆயினும் ஏடின்றிக் கற்கத்தக்க கல்வி ஒன்று அவ்வூரில் நிறைந்திருந்தது. ஆசிரியர் பாட, மாணாக்கன் கேட்டு, திரும்பப் பாடிக் காட்டுவதே நம் இசையின் பழைய பயிற்சிமுறை. சரளி வரிசை தொடங்கிக் கீர்த்தனை ஈறாக யாவும் செவிவழியே உள்ளத்தில் ஏறுவன. பார்வையுடைய மாணாக்கரும் அங்ஙனமே கற்றனர். ஆதலால் அவ்வகுப்பில் வேங்கடராமன் பிறரினும் தாழ்ந்தவனாக இருக்க வேண்டுவதில்லை. மணத்தட்டைத் துரைசாமி ஐயர் என்னும் வித்துவானிடம் அவர் இசை பயின்றார். பின்னாளிற் சரபர் என்னும் பெயரே உலகவழக்கில் நிலைத்துவிட்டது.

அவர் குழலைத் தெரிந்தெடுத்த காலத்தில் அதன் நிலை உயர்ந்ததாக இல்லை. வீணைக்கும் வயலினுக்கும் நாகசுரத்துக்கும் வாய்த்த சிறப்பு அதற்கு இல்லை. ஆயர் கைக்குழலாகவும், பிறவற்றோடு சேர்ந்தொலிக்கும் துணைக்கருவியாகவுமே அதனை மக்கள் பெரிதும் அறிந்திருந்தனர். இராகத்தை விரித்து, கீர்த்தனையை முறையாக வாசித்து, நீண்ட பொழுது அவையைத் தன்பால் நிறுத்தத்தக்க தனிக்கருவி அஃது என்று கருதியவர் அரியர்.

அக்கருத்துக்குக் காரணமும் இருந்தது. குழலில் வாய்வைத்து ஊதும் துளை ஒன்றும், விரலுக்குரிய துளைகள் எட்டும் உள்ளன. எட்டனுள் ஏழையே விரல்கள் பெரும்பாலும் ஆள்கின்றன. துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனால் இயல்பாகப் பிறப்பது அரிகாம்போதி. பழந்தமிழர் செம்பாலை என்றது இதனையே என்பர். ஏனைய சுரங்கள் வேண்டுமாயின், ஒரு துளையை அரைப்பங்கோ காற்பங்கோ திறத்தல் வேண்டும். எள்ளளவு மிகுந்தாலும் சுரம் பிறழ்ந்துவிடும். வீணைக்கு மெட்டுகள் இருப்பதுபோல் இங்கே எல்லை காட்டுவது ஒன்றுமில்லை. கமகமோ இதனினும் அரிது. விரல்நுனி துளையின் விளிம்பை உணர்தல் வேண்டும். மூச்சின் அழுத்தம் அதற்கேற்ப மாறுதல் வேண்டும். பிழையைச் செவி உடனே பிடித்தல் வேண்டும். இம்மூன்றும் நாள்தோறும் இடையறாது பழகியவர்க்கே கைவரும்.

சிவகாசியிற் சரவெடி பின்னுவோரைக் கண்டவர்க்கு விரலின் இவ்வறிவு விளங்கும். பேச்சு ஒருபால் நடக்க, பார்வை வேறொருபாற் செல்ல, விரல்கள் தாமே திரியைத் தேடிப் பின்னிக்கொண்டிருக்கும். அது பிறவியில் வந்த வரமன்று.

கண் போனால் காது கூர்மையாகும் என்று மக்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அச்சொல்லில் இரக்கம் உண்டு. ஆயினும் உழைத்தவனுக்குரிய புகழை அஃது ஊழுக்குக் கொடுத்துவிடுகின்றது. பார்வையிழந்தோர் யாவரும் இசைவல்லுநர் ஆவதில்லை. சாஸ்திரியார் எந்தக் குழலை எவ்வாறு பிடிப்பது, எந்த விரலை எங்கே வைப்பது என்பவற்றைத் தாமே ஆராய்ந்து பழகி, எளிய குழலைக் கச்சேரிக்கு ஏற்ற கருவியாக்கிக்கொண்டார். முன்னவர் வகுத்த வழி அங்கே இல்லை. கண்ணுடையோரும் முயலாத ஒன்றை அவர் முயன்றார்.

இவ்விடத்தில் ஒரு பொருத்தம் நினைவுகூரத்தக்கது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அக்காலத்தேதான், 1892இல், சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்து வெளியிட்டார். அவ்வுரையிற் குழலின் இலக்கணம் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தினாற் குழல் செய்யப்படும் என்றும், அவற்றுள் மூங்கிலே தலையாயது என்றும், இடக்கையில் மூன்று விரலும் வலக்கையில் நான்கு விரலும் துளைகளை ஆளும் என்றும் உரைகாரர் வகுத்துரைக்கின்றார். ஏட்டில் மறைந்துகிடந்த குழலிலக்கணம் அச்சேறி வெளிவந்த அந்நாளில், அவ்வூரிலேயே இருபது வயது இளைஞர் ஒருவர் மூங்கிற்குழலுக்குப் புதுவாழ்வு அளித்துக்கொண்டிருந்தார். ஒன்று நூலில் நிகழ்ந்தது. மற்றொன்று மூச்சில் நிகழ்ந்தது.

சாஸ்திரியாரின் வாசிப்பால் குழல் தனிக்கச்சேரி செய்யும் தகுதி பெற்றது. வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் நிகராக அது மேடையின் நடுவில் அமர்ந்தது. கதாகாலட்சேபக் கலையிலும் அவர் வல்லவராக விளங்கினார். கதையும் பாட்டும் விளக்கமும் இடையிடையே விரவிவரும் அக்கலைக்கு, எண்ணற்ற பாடல்களை நினைவில் நிறுத்தும் ஆற்றல் வேண்டும். ஏட்டைப் புரட்டிப் பார்க்க இயலாத அவருக்கு நெஞ்சமே ஏடாயிற்று.

அவரிடம் பயின்ற மாணாக்கருட் சிறந்தவர் பல்லடம் சஞ்சீவராவ். 1882இற் பிறந்த அவர், ஆசிரியரின் வாசிப்பு முறையை உள்வாங்கிக்கொண்டார். ஆனால் ஆசிரியர்க்கோ வாழ்நாள் குறுகியதாக அமைந்துவிட்டது. 1904ஆம் ஆண்டில், தமது முப்பத்திரண்டாம் வயதளவில், சாஸ்திரியார் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஒரு கருவிக்கு ஏற்றம் தந்து ஒரு நல்ல மாணாக்கரையும் விட்டுச்செல்வதற்கு மட்டுமே அவருக்குக் காலம் போதியதாயிற்று. சஞ்சீவராவ் இன்னும் 58 ஆண்டுகள் வாழ்ந்து, தென்னாடெங்கும் குழலிசை பரப்பி, 1962இல் மறைந்தார்.

கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரில் 1926இற் பிறந்த டி. ஆர். மகாலிங்கம், குழல் வாசிப்பில் மற்றொரு திருப்பத்தை உண்டாக்கினார். அவர் தடித்த மூங்கிற்குழலை ஏந்தி, விரல் வைக்கும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் குழைவை முழுதும் குழலிற் கொணர முயன்றார். பழைய முறையிற் பழகியோர்க்கு அது வியப்பாகவும் சிறிது அதிர்ச்சியாகவும் இருந்தது. ஆயினும் 1933இல், ஏழுவயதுச் சிறுவனாக அவர் மயிலாப்பூரில் முதற்கச்சேரி செய்ய அமர்ந்தபோது, குழலுக்குத் தனிமேடை தகுமா என்னும் வினா எழவில்லை. அதற்கு விடை முன்னரே கூறப்பட்டுவிட்டது.

1943ஆம் ஆண்டிற் சென்னைச் சங்கீத வித்வத் சபை, சங்கீத கலாநிதி என்னும் பட்டத்தைச் சஞ்சீவராவுக்கு வழங்கியது. அவருடைய ஆசிரியர் மறைந்து அப்பொழுது 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.