வீட்டுத் தோட்டத்துக் குளத்தைப் பேணுவது எப்படி?



நான் பிறந்து வளர்ந்தது காரைநகரில். அங்கே ஆறும் இல்லை, பீலியும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் வருசத்துத் தண்ணீர். அது நிலத்துக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். அதனால் சவர்க்காரத்தோடு துரவுக்குள் இறங்க அம்மா விடமாட்டா. "அள்ளிக்கொண்டு தள்ளிப்போய்க் குளி" என்பா.

இங்கே லயத்துக்குப் பின்னால், மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் சின்னக் குளம் வைத்திருப்பவர்கள், "ஐயா, தண்ணி பச்சையா போச்சு, பிளீச்சிங் பவுடர் போடவா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். நானும் ஒருமுறை போட்டேன். மறுநாள் மீனெல்லாம் செத்து மிதந்தது. பிறகு நுளம்புப் புழுவைத் தின்ன ஆளில்லை.

தண்ணீர் பச்சையாவது பாசியால். வெயிலும் உரமும் சேர்ந்தால் பாசி பெருகும். ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

1. மேட்டுப் பக்கம் ஒரு சின்னக் கான் வெட்டுங்கள். மலைக்குப் போட்ட உரம் மழையோடு குளத்தில் இறங்காது. மருந்தடிக்கும் டாங்கியை அங்கே கழுவவே கூடாது.

2. அல்லி நட்டுப் பாதிக் குளத்துக்கு நிழல் கொடுங்கள். ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் வேண்டாம், குளத்தையே மூடிவிடும்.

3. கப்பி மீன் நாலைந்து சோடி விடுங்கள். சோறு போடாதீர்கள், மிச்சம் அழுகும். அந்த மீனை ஆற்றில் விடவும் கூடாது.

4. விழுந்த இலையை வாரம் ஒருமுறை அள்ளுங்கள். தை, மாசி வெயிலில் பாதித் தண்ணீரை விட்டுவிட்டு அடிச்சேற்றை வாருங்கள். அந்தச் சேறு பாத்திக்கு நல்ல பசளை.

5. கரையில் கல் அடுக்கி, இடையில் வல்லாரையும் சேம்பும் வையுங்கள். பார்வைக்கு இயற்கையாக இருக்கும், மண்ணும் சரியாது.

2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. அந்தப் பயத்தில் குளத்தை மூட நினைப்பவர்கள் உண்டு. மீன் உள்ள குளத்தில் நுளம்புப் புழு தப்புவது கடினம். பக்கத்தில் கிடக்கும் தகரப் பேணி, பழைய டயர், யோகட் கோப்பை இவைதான் டெங்கு நுளம்பின் வீடு. முட்டை நுளம்பாக ஒரு வாரமளவு போதும். ஆகவே வாரந்தோறும் அவற்றைக் கவிழ்த்துவிடுங்கள்.

கடைசியாக முக்கியமான ஒன்று. தவழும் பிள்ளைக்கு முழங்கால் அளவு தண்ணீரும் எமன்தான். பிள்ளை நுழைய முடியாதபடி நெருக்கமாக வேலி அடைத்துவிட்டுத்தான் கொழுந்துக்குப் போங்கள். குளத்துத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம்.

குளம் சுத்தமாக இருந்தால் வீடும் சுகமாக இருக்கும்.