கம்பி வழியே வந்த உலகம் – 11
மோடம் எங்கே நின்றது?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த இணையம் வீட்டுக்குள் நுழைந்தது தொலைபேசிக் கம்பி வழியாக. பேசுவதற்காகப் போடப்பட்ட அந்த இணைப்பு, சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். கணினித் தகவலை அந்த வரம்புக்குள் அடங்கும் ஒலியாக்கி அனுப்புவதும், வரும் ஒலியை மறுபடி தகவலாக்குவதும் மோடத்தின் வேலை.

"கனெக்ட் ஆகலை" என்பதுதான் அன்றைக்கு எல்லாருடைய புகாரும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வெவ்வேறு கோளாறுகள் இருந்தன. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் கட்டம் டயல் டோன். விண்டோஸ் 680 என்று எண் காட்டினால் மோடத்துக்கு டயல் டோன் கேட்கவில்லை என்று பொருள். 'லைன்' துளையில் செருக வேண்டிய ஒயரை 'ஃபோன்' துளையில் செருகியிருப்பார்கள். அல்லது அடுத்த அறையில் யாராவது பேரலல் ஃபோனை எடுத்திருப்பார்கள். அலுவலக இன்டர்காம் வழியாகப் போனால் டயல் டோனின் தாளமே வேறு. மோடத்துக்கு அது பிடிபடாது. ஏ.டி.எக்ஸ்.3 என்ற கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

இரண்டாவது, எண்களைச் சுற்றுவது. பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு டோன் புரியாது, பல்ஸ்தான் புரியும். டயல் செய்து முடித்த பிறகும் 'கூ' என்ற டயல் டோன் நிற்காமல் ஓடினால், டோனிலிருந்து பல்ஸுக்கு மாற்ற வேண்டும். 676 வந்தால் மறுமுனை பிஸி; காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது, மறுமுனை மோடம் எடுத்ததும் வரும் 2,100 ஹெர்ட்ஸ் கூவல். எதிரொலியைத் தடுக்கத் தொலைபேசி வலையில் வைத்திருக்கும் கருவிகளை அணைத்துவைப்பது இதன் வேலை. பிறகு எழும் இரைச்சலில் இரண்டு மோடங்களும் லைனைச் சோதித்து, அது தாங்கும் வேகத்தை முடிவு செய்கின்றன. இங்கே அறுந்தால் பெரும்பாலும் லைனைத்தான் பார்க்க வேண்டும். மறுமுனை எடுத்துவிட்டதால் ஒரு கால் கணக்கிலும் ஏறிவிடும்.

கடைசிக் கட்டம் 691. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. கம்பி, மோடம் இரண்டும் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. கேப்ஸ் லாக்கைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது கட்டக் கோளாறு பலரையும் வீண் செலவில் தள்ளியது. ஓர் ஐப்பசி மழையில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. உரிமையாளர் விண்டோஸை அழித்து ஏற்றினார், புது மோடம் வாங்கினார், பலனில்லை. லைன்மேன் வந்து மோடத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஒயரில் சாதாரண ஃபோனை மாட்டி ஓர் எண்ணை மட்டும் அழுத்தினார். டயல் டோன் அடங்கியதும் ரிசீவரில் 'கரகர' என்று கேட்டது. கம்பத்து டி.பி. பாக்ஸைத் திறந்தால் திருகாணியில் பச்சைக் களிம்பு. கத்தியால் சுரண்டி, ஒயர் முனையைப் புதிதாகச் சீவி முறுக்கினார். பழைய மோடமே 31,200 வேகத்தில் இணைந்து நின்றது.

அவர் கையில் அளவுக்கருவி எதுவும் இல்லை, காது இருந்தது. மோடத்தைச் செய்தவர்களும் அதை எண்ணித்தான் இணைப்பு கிடைக்கும்வரை ஸ்பீக்கர் ஒலிக்கும்படி வைத்தார்கள். தொந்தரவு என்று பலர் அதை அணைத்தார்கள். அணைத்தவர்களுக்குக் கோளாறைத் தேடும் முதல் வழியே அடைபட்டது. எந்தப் பொருளை மாற்றுவது என்று யோசிக்கும் முன் எங்கே நின்றது என்று கேட்பது, மோடம் அந்தத் தலைமுறைக்குக் கற்றுத்தந்த நல்ல பழக்கம். இன்றைய ரவுட்டருக்கும் அது அப்படியே பொருந்தும்.

(அடுத்த வாரம்: ஒரே செம்புக் கம்பியில் பேச்சும் இணையமும் சேர்ந்து ஓடிய ஏ.டி.எஸ்.எல்.)