ஜன்னலைச் சாத்தினாலும் வரும் சத்தம்

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று தெருமுனை வேகத்தடையில் ஏறி, தடாலென்று இறங்குகிறது. பக்கத்து வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. ஆனாலும் அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. குடத்துத் தண்ணீரில் வட்ட வட்டமாக நெளிவு ஓடுகிறது. சென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு இது பழகிப்போன விஷயம். கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்க, அந்த ஆட்டம் எந்த வழியாக உள்ளே வந்தது?

தரை வழியாக வந்தது. பல டன் எடை சாலையில் மோதும்போது மண் அதிர்கிறது. அந்த அதிர்வு அலையாக மண்ணுக்குள் ஓடி, வீட்டின் அஸ்திவாரத்தைத் தொட்டு, தூண்களில் ஏறி, மாடித் தளத்துக்குப் போய்ச் சேர்கிறது. தளம் அதிர்ந்தால் அறைக்குள் இருக்கும் காற்றும் அதிரும். அதைத்தான் ‘உம்’ என்ற கனத்த சத்தமாகக் கேட்கிறோம். என்ஜின் இரைச்சலும் ஹாரனும் காற்று வழியாக வருகிறவை. அவற்றை ஜன்னல் ஓரளவு தடுக்கும். தரை வழியாக வருவதை எந்த ஜன்னலும் தடுக்காது.

நம் காதுக்குக் கேட்பது நொடிக்கு 20 அதிர்வுக்கு மேல்தான். லாரியும் கூட்ஸ் வண்டியும் மண்ணில் உண்டாக்கும் அதிர்வில் நிறைய அந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. அதனால் படுக்கையில் கிடக்கும்போது சில அதிர்வுகள் காதுக்கு எட்டாமலே உடம்புக்குத் தெரியும். இன்னொரு சங்கடமும் உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் தானாக ஆடும் வேகம் ஒன்று இருக்கிறது. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்ற நேரத்தில் தள்ளினால் லேசாகத் தொட்டாலே உயரப் போகிறதே, அதுபோல மண்ணின் அதிர்வும் தளத்தின் வேகமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெரிதாகிவிடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். கீழ் வீட்டில் தெரியாத அதிர்வு சில சமயம் மாடி வீட்டில் தெரிவது இதனால்தான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். செல்போனை அதிர்வு நிலையில் வைத்து, கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல் வையுங்கள். யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். தட்டு முழுக்கக் கடகடக்கும். இப்போது போனுக்கும் தட்டுக்கும் நடுவில் நாலாக மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். போன் அதே வேகத்தில்தான் துடிக்கிறது, தட்டோ கிட்டத்தட்ட மௌனமாகிவிடும். இந்தத் துண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்ஸ் வண்டி ஓடும் பாதைக்கு அருகில் வீடு இருந்தால், வீட்டுக்குள் இருந்தபடியே ஒரு துப்பறியும் வேலை செய்யலாம். தண்டவாளத்துப் பக்கம் போகவே கூடாது. ‘டக் டக்’ என்ற தட்டல் எப்போதும் ஒரே இடத்திலிருந்து வந்து, ஒவ்வொரு சக்கரமும் அங்கே தட்டிவிட்டுப் போனால் குறை தண்டவாளத்தில் இருக்கிறது. அங்கே இணைப்பு ஒன்று தேய்ந்தோ தாழ்ந்தோ இருக்கலாம். தட்டல் ஒரு பெட்டியோடு சேர்ந்தே நகர்ந்து போனால் குறை சக்கரத்தில். பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டால், வட்டத்தில் ஓரிடம் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சம்மட்டி அடி விழும். சக்கரத்தைக் கடைசலில் கொடுத்து வட்டமாக்கினால் அந்த அடி நின்றுவிடும். தண்டவாளத் துண்டுகளைப் பற்றவைத்து நீளமாக்கினால் இணைப்புத் தட்டல் போய்விடும்.

சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். இந்தக் கணக்கு நம் கூட்டல் கழித்தலுக்கு அடங்காது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். சாலையில் லாரிகளைப் பாதியாகக் குறைத்தாலும் குறைவது 3 டெசிபல்தான். ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனாலும் ஏறத்தாழ அதே 3 டெசிபல்தான் குறையும்.

நம் நாட்டில் 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தொழிற்பகுதியில் 70 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் 45 தான். இந்த 25 டெசிபல் வித்தியாசம், ஆற்றலில் 300 மடங்குக்கும் மேல். தொழிற்பகுதியையும் அடுக்குமாடியையும் ஒரு சாலை மட்டும் பிரித்தால் அவ்வளவு சத்தம் எங்கே போய்க் கரையும்? காம்பவுண்டு ஓரம் ஒரு வரிசை மரம் நட்டால் கண்ணுக்குக் குளுமை, நிழல் எல்லாம் கிடைக்கும், சத்தம் மட்டும் குறையாது. உயரமான சுவர் கீழ்த்தளத்துக்கு உதவும். ஐந்தாவது மாடி ஜன்னலோ அந்தச் சுவருக்கு மேலே நின்று நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வீடு கட்டும் முன்பே யோசித்த ஊர் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. ஹாம்பர்க் நகரத்தில், எல்பே ஆற்றங்கரையின் பழைய துறைமுக நிலத்தில், ஹாஃபன்சிட்டி என்ற புதிய குடியிருப்பை எழுப்பினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் துறைமுகம் இரவு பகலாக வேலை செய்கிறது. ஜன்னலை இறுக்கி மூடினால் அறையில் காற்று இருக்காது, திறந்தால் தூக்கம் இருக்காது. அதற்காகவே ஒரு ஜன்னலை வடிவமைத்தார்கள். அதில் வெளியே ஒரு கண்ணாடி, உள்ளே ஒரு கண்ணாடி. இரண்டின் திறப்பும் நேர் எதிரே அமையாமல் தள்ளித் தள்ளி இருக்கும். நடுவிலுள்ள இடைவெளியின் ஓரங்களில் ஒலியை உறிஞ்சும் பொருள் பதித்திருப்பார்கள். காற்று வளைந்து உள்ளே வந்துவிடும், சத்தம் வழியிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். ஜன்னல் சற்றே திறந்திருக்கும்போதும் படுக்கையறையில் இரவில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே வைத்துக்கொண்ட இலக்கு.

அதே இடத்தில் 2017 ஜனவரியில் எல்பில்ஹார்மோனி என்ற இசையரங்கம் திறக்கப்பட்டது. பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் மேல் கட்டிய அந்தக் கட்டடத்தை ஒட்டியே கப்பல்கள் போகின்றன. உள்ளேயோ வயலினின் மெல்லிய இழைகூடத் தெளிவாகக் கேட்க வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? சுமார் 12,500 டன் எடையுள்ள பெரிய அரங்கத்தை, கட்டடத்தின் மற்றப் பகுதியோடு இறுக்கிப் பிணைக்காமல், 362 ஸ்பிரிங் தொகுப்புகளின் மேல் உட்கார வைத்தார்கள். உங்கள் தட்டுக்கும் போனுக்கும் நடுவில் இருந்த துண்டின் வேலையைத்தான் அந்த ஸ்பிரிங்குகள் செய்கின்றன.

இசைக்கு இவ்வளவு செலவிடலாம், வீட்டுக்கும் பள்ளிக்கும் முடியுமா என்று தோன்றலாம். நியூயார்க்கில் பி.எஸ். 98 என்றொரு பள்ளி. அதன் ஒரு பக்கத்து வகுப்பறைகளை ஒட்டி, உயர்த்திக் கட்டிய பாதையில் ரயில் ஓடியது. ஒவ்வொரு முறை ரயில் போகும்போதும் ஆசிரியை பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் அறிஞர் இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டார். 1975-ல் முடிவு வெளியானது. ரயில் பக்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறத்தாழ ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். சத்தம் ஒரு பிள்ளையின் ஒரு வருடப் படிப்பையே தின்றிருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது தண்டையார்பேட்டைப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பிறகு ரயில்வே நிர்வாகம் பள்ளியை ஒட்டிய தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தைகள் வைத்தது. சத்தம் அதிகமாக இருந்த அறைகளுக்கு ஒலியை உறிஞ்சும் மேற்கூரைப் பலகைகள் பொருத்தப்பட்டன. பிரான்சாஃப்ட் மறுபடி சோதித்து, முடிவை 1981-ல் வெளியிட்டார். இரு பக்கத்துப் பிள்ளைகளும் சமமாக வாசித்தார்கள்.