துறைமுகக் காவலும் நம் ரப்பரும்

வைகறையில் நாம் சீவி எடுக்கும் பால், தொழிற்கூடத்தில் உறைந்து, உலர்ந்து, 33⅓ கிலோ எடையுள்ள கட்டியாகிக் கப்பலேறுகிறது. ஒரு கொள்கலனில் 20 டன் ஏற்றினால் 600 கட்டிகள் அதில் அடங்கும். இச்சரக்கு குறையாமலும் கலப்படமின்றியும் அயல்நாடு சென்று சேர்ந்தால்தான் வாங்குவோரின் நம்பிக்கை நிலைக்கும். ஆதலின், துறைமுகக் காவல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தோட்ட மக்களாகிய நாமும் அறிந்திருத்தல் நன்று.

சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில் உள்ளது பொங்கோல். மரக்கிளைகளில் தடியை வீசிக் கனிகளை உதிர்ப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே இப்பெயராயிற்று என்பர். ஒரு காலத்தில் இங்கும் ரப்பர் மரங்கள் இருந்தன. 1984ஆம் ஆண்டு காங்கார் மீன் சந்தை இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்திற்கு மாற்றப்பட்டது. 1997இல் அத்துறைமுகமும் செனோக்கோவிற்குச் சென்றது. இன்று பொங்கோல் அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகராகும். ஆயினும் ஜொகூர் நீரிணை அதன் வாயிலில்தான் உள்ளது. எதிர்க்கரையில், 1977 முதல் இயங்கி வரும் பாசிர் கூடாங் துறைமுகப் பகுதி கண்ணுக்குத் தெரிகிறது. பெருங்கப்பல்களும் சிறு படகுகளும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்து செல்லும் இத்தகைய இடங்களில் காவல் எளிதன்று.

கடற்காவல் தளர்ந்தால் நேரக்கூடியதை 1974ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உணர்த்திற்று. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள், ஆயுதம் தாங்கிய நால்வர் புக்கோம் தீவிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினர். பின்னர் 'லாஜு' என்னும் பயணப் படகைக் கைப்பற்றி, அதன் ஊழியர்களைப் பிணையாக்கினர். ஒரு வாரத்திற்கும் மேலாகப் பேச்சுவார்த்தை நீடித்தது. பிணையாளிகள் விடுபடும் பொருட்டு, அதிகாரிகள் 13 பேர் அந்நால்வருடன் குவைத் வரை விமானத்தில் சென்றனர். அக்குழுவிற்குத் தலைமை தாங்கியவர் எஸ். ஆர். நாதன். இளமையில் மூவாரில் வாழ்ந்தவர். 1956இல் கப்பலோட்டிகளின் நல அதிகாரியாகப் பணியேற்றவர். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரானவர். அன்று ஆபத்திற்குள்ளானவர்கள் படகில் வேலை செய்த எளிய தொழிலாளர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

உலக நாடுகள் பொதுவான விதிகளை வகுத்தது பின்னரே. அனைத்துலகக் கப்பல், துறைமுகக் காவல் விதித்தொகுப்பு 2002இல் ஏற்கப்பட்டு, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி கப்பலிலும் துறைமுகத்திலும் காவலுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டும். காவல் நிலை மூன்றாகும்: முதலாவது அன்றாட நிலை, இரண்டாவது ஆபத்து மிகுந்த நிலை, மூன்றாவது ஆபத்து நெருங்கிவிட்ட நிலை. நிலை உயர உயரச் சோதனையும் கடுமையாகும். எனினும், காவலைக் காரணம் காட்டிக் கப்பலோட்டிகளைக் கரையிறங்க விடாமல் அடைத்து வைத்தல் முறையன்று. அவர்கள் கரைக்கு வர வழி செய்தல் வேண்டும் என இவ்விதித்தொகுப்பே கூறுகிறது.

அயல்நாட்டுப் பயணம் செய்யும் சரக்குக் கப்பல்களுள், 500 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ளவற்றையே இவ்விதிகள் கட்டுப்படுத்தும். பொங்கோல் கரையோரம் செல்லும் சிறு படகுகள் இதில் அடங்கா. 'லாஜு' போன்ற சிறு கலமும் பெருந்தீங்கிற்குக் கருவியாகலாம் அன்றோ? எனவேதான் சிங்கப்பூர் 2007ஆம் ஆண்டு முதல், துறைமுக நீரில் ஓடும் விசைப்படகுகள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவியைப் பொருத்தும் முறையைக் கொண்டு வந்தது. 1993இல் உருவான கடலோரக் காவற்படை ரோந்து சுற்றுகிறது.

கடலுக்கு வேலி கட்ட இயலாது. கொள்ளையருக்கு எல்லைக்கோடும் இல்லை. ஆகவே மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் 2004இல் மலாக்கா நீரிணையில் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. மறு ஆண்டு வான்வழிக் கண்காணிப்பும் சேர்ந்தது. 2008இல் தாய்லாந்தும் இணைந்தது.

இனி, நம் சரக்கிற்கு வருவோம். கொள்கலனைப் பூட்டியதும் எண் பொறித்த முத்திரை ஒன்று இடப்படும். அவ்வெண் சரக்குப் பத்திரத்திலும் எழுதப்படும். இரண்டும் ஒத்திருந்தால் வழியில் எவரும் திறக்கவில்லை என நம்பலாம். எண் மாறியிருந்தாலோ முத்திரை அறுந்திருந்தாலோ சரக்கு நிறுத்தப்படும். சோதனை முடியும் வரை கப்பல் காத்திராது.

ஆகவே, முத்திரையிடும் பொழுது எண்ணைச் சரிபார்த்துக் குறித்தல் வேண்டும். அறிமுகமில்லாதவர் தரும் பொட்டலத்தைச் சரக்கினுள் வைக்க ஒருபோதும் இணங்குதல் கூடாது. படகில் ஒரு மூட்டையைக் கரை சேர்த்தால் பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டுவோரிடம் நம் இளைஞர்கள் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஆசை காட்டியவன் தப்பிவிடுவான். பிடிபடுபவன் சிறை செல்ல, அவன் குடும்பம் வாடும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை. கடற்காவலின் முதற்படி கப்பலில் அன்று, சரக்கு ஏற்றப்படும் கொட்டகையிலேயே தொடங்குகிறது.