கல்லை அறுக்கும் வைரச் சக்கரம்

நெய்யூரிலோ, அடுத்துள்ள இரணியலிலோ ஒரு வீட்டு முற்றத்தில் கல் பாவுவதை நின்று கவனித்திருக்கிறீர்களா? கொத்தனார் கல்லின்மேல் பென்சிலால் கோடு போடுகிறார். கையிலுள்ள மிஷினை முடுக்குகிறார். காதைப் பிளக்கும் சத்தம்! சிறிது நேரத்தில் கருங்கல் கோட்டின்படியே இரண்டாகிவிடுகிறது. மிஷினை நிறுத்தியதும் அதன் சக்கரத்தைப் பாருங்கள். மரம் அறுக்கும் வாளில் உள்ளதுபோல் கூரிய பற்கள் அதில் இல்லை. அப்படியானால் கல் எப்படி அறுபடுகிறது?

வெட்டுவதில்லை, தேய்க்கிறது

ஒரு பொருளைக் கீற வேண்டுமானால் அதைவிடக் கடினமான பொருள் தேவை. ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவையில் குவார்ட்ஸின் எண் 7. கருங்கல்லில் குவார்ட்ஸ் மணிகள் உண்டு. எஃகுப் பல் அதன்மேல் பட்டால் பல்தான் மழுங்கும். வைரத்தின் எண் 10. எனவே சக்கரத்தின் விளிம்பில் வைரப் பொடியை உலோகத் தூளுடன் கலந்து, அழுத்திச் சூடாக்கிப் பதிக்கிறார்கள். இவை பெரும்பாலும் செயற்கை வைரங்களே. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செயற்கை வைரம் உருவான பிறகு, இது மலிவாகிப் பரவியது.

வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். சக்கரத்தின் விட்டம் 100 மி.மீ.; நிமிடத்திற்கு 11,000 சுற்றுகள் என்று கொள்வோம். ஒரு சுற்றில் விளிம்பு 314 மி.மீ. நகரும். அதாவது, வினாடிக்குச் சுமார் 58 மீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல்! ஒவ்வொரு வைரத் துகளும் கல்லைச் சிறிது சுரண்டிச் செல்கிறது.

இங்கே ஒரு விந்தை உண்டு. கடினமான கருங்கல்லுக்கு, வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் மென்மையாக இருக்க வேண்டும்! மழுங்கிய வைரம் உதிர்ந்து, உள்ளிருக்கும் புதிய வைரம் வெளிவர வேண்டுமல்லவா? கான்கிரீட் கல்லில் உள்ள மணலோ உலோகத்தை விரைவாகத் தேய்த்துவிடும். ஆகவே அதற்குக் கடினமான உலோகம் தேவை.

ஓரம் உடையாமல் அறுக்க

அனுபவசாலிகள் ஒரே மூச்சில் ஆழமாக அறுப்பதில்லை. முதலில் இரண்டு மூன்று மி.மீ. ஆழத்திற்குக் கோடு கீறி, பின் சிறிது சிறிதாக ஆழப்படுத்துகிறார்கள். கல்லின் இரு பக்கத்திற்கும் தாங்கல் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் முடிவில் ஒரு துண்டு தொங்கி, மூலை பிய்ந்துவிடும். சக்கரத்தைப் பக்கவாட்டில் திருகுவதும் கூடாது. அது கல்லில் சிக்கினால் மிஷின் கையை உதறித் தள்ளும்.

வெண்புகையில் இருக்கும் ஆபத்து

அறுக்கும்போது எழும் வெண்புகை உண்மையில் புகையன்று, கல்தூசி. அதில் சிலிக்கா உள்ளது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மி.மீ.யில் நூறில் ஒரு பங்கிற்கும் சிறிய துகள்களோ நுரையீரலின் காற்றறைகள் வரை போகின்றன. அவற்றை விழுங்கும் காவல் செல்கள் தாமே மடிகின்றன. அந்த இடம் தழும்பாகிறது. இதுவே சிலிக்கோசிஸ். தழும்பை மாற்றும் மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் தொற்றும். சிலிக்காத் தூசி புற்றுநோயையும் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் அறிவித்தது.

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாதா? போதாது. துண்டின் இழைகளுக்கிடையே இத்துகள்கள் எளிதில் நுழைந்துவிடும். சிறந்த வழி தண்ணீர்தான். வெட்டும் இடத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தால் தூசி சேறாகிக் கீழே விழும், சக்கரமும் சூடேறாது. ஆனால் சாதாரண மின் மிஷினின்மேல் தண்ணீர் ஊற்றினால் மின்சாரம் தாக்கும். நீர்க்குழாயுடன் அதற்கென்றே செய்த மிஷினையே பயன்படுத்த வேண்டும். தூசிக்கான சரியான முகமூடியும், கண்ணாடியும், காதடைப்பானும் அவசியம்.

இனி உங்கள் வீட்டில் கல் அறுத்தால் காற்று தூசியை அடித்துச் செல்லும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், தூரத்தில் நில்லுங்கள். வேலை முடிந்ததும் தூசியை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல், நனைத்து வாருங்கள். வேலைக்கு வந்த அண்ணனிடமும் இந்தத் தூசியைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் ஒருநாள் சுவாசிப்பதை அவர் நாள்தோறும் சுவாசிக்கிறார்.