உங்களுக்குத் தெரியுமா? எகிப்தியரின் சோழியும் சிப்பியும்

எகிப்து இளவரசி சித்ஹதோர்யூனெத் நடந்தால் இடுப்பிலிருந்து மெல்லிய ஓசை எழும். இரண்டாம் செனுஸ்ரெத் மன்னரின் மகளான இவருடைய மேகலையில் 8 பொற்சோழிகள் உண்டு. அவற்றை உள்ளீடற்றதாக வார்த்தெடுத்து, சின்னச் சின்ன உலோகப் பரல்களைப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஒரு சோழியை மட்டும் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மறுபாதியின் பள்ளத்துக்குள் வழுக்கி நுழையும்படி செய்திருக்கிறார்கள். அதுதான் பூட்டு! மாட்டிய பிறகு எது பூட்டு, எது சோழி என்று சொல்வது கடினம். ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய கைவேலை இது.

1914-இல் தொல்லியலாளர்கள் பெட்ரியும் பிரண்டனும் எகிப்தின் லாஹூனில் இளவரசியின் கல்லறையைத் தோண்டியபோது, அது எப்போதோ கொள்ளை போயிருந்தது. சேறு மூடிய ஒரு மாடம் மட்டும் திருடர்களின் கண்ணில் படவில்லை. மேகலை பிழைத்தது அந்தச் சேற்றின் புண்ணியத்தில்தான். இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏன் சோழி? அதன் பிளவு பெண்ணுறுப்பை நினைவூட்டுவதால், கருவைக் காக்கும் என்று பெண்கள் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பிரமிடுகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, நைல் கரையின் பதாரி மக்கள் செங்கடல் சங்கு, சோழிகளைக் கோத்து அணிந்தார்கள். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே முழுப் பாலைவனம். அதைத் தாண்டி வந்த ஒவ்வொரு சோழியும் அவர்களுக்கு எவ்வளவு அருமையாக இருந்திருக்கும்!

சோழியைப் போலவே சிப்பியும் நகையானது. பிற்கால எகிப்தியர்கள் முத்துச்சிப்பியின் ஓட்டை இழைத்து, துளையிட்டு, மன்னர் முதலாம் செனுஸ்ரெத்தின் பெயரைப் பொறித்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். இது படைவீரர்களின் அடையாளம் என்று ஒரு கருத்து உண்டு. ஆனால் பெண்களின் நகைகளிலும் பொன் சிப்பிகள் இருப்பதால், அது மட்டுமே முழு விளக்கமாகத் தோன்றவில்லை.

சக்காராவில், செகெம்கெத் மன்னரின் பிரமிடுக்குள் 21 பொன் வளையல்களோடு கிடைத்தது ஒரு பொன் சிப்பி. மூடித் திறக்கும் ஒப்பனைச் சிமிழ் அது.

பொன்னுக்கு வழியில்லாதவர்களுக்கு? நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் ஃபையான்ஸ் என்னும் மெருகிட்ட பீங்கானில் சோழி மணிகள் செய்தார்கள். பிற்காலத்தில், அவற்றின் தட்டையான அடிப்பக்கத்தில் மங்கலச் சின்னங்களைப் பொறித்து விரலிலும் அணிந்துகொண்டார்கள்.