தலைநகருக்குப் போனால் இந்த வாசல்களிலும் நுழையுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வேன் பிடித்துத் தலைநகருக்குப் புறப்பட்டு விடுகிறோம். பத்துமலையில் சாமி கும்பிடுகிறோம். மஸ்ஜித் இந்தியாவில் துணிமணி வாங்குகிறோம். இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். இருட்டியதும் வீடு திரும்பி, “கோலாலம்பூர் பார்த்தாச்சு” என்கிறோம். உண்மையில் பார்த்தோமா, சொல்லுங்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவையும் வீட்டுப் பிள்ளைகளையும் தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். படிக்கட்டின் அருகே வந்ததும் தயங்கி நின்றுவிட்டார். “நம்பளையெல்லாம் உள்ள விடுவாங்களாப்பா? படிச்சவங்க போற எடமாச்சே” என்றார்.

அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. அவரைப் போலத் தயங்கி நிற்கும் எல்லாருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

மூசியம் நெகாரா

கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகும் தூரம்தான். எம்.ஆர்.டி. ரயிலில் வந்தால், அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது.

இங்கே முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945ஆம் ஆண்டு, போரின் கடைசி மாதங்களில், நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அது சிதைந்து போயிற்று. நாடு சுதந்திரம் பெற்ற பிறகு அதே இடத்தில் புதிய கட்டடம் எழுந்தது. வடிவமைத்தவர் ஹோ கோக் ஹோ. மலாய் அரண்மனையைப் போல உயர்ந்து வளைந்த கூரை வைத்தார். 1963 ஆகஸ்டு 31ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. வாசலின் இரு பக்கமும் 35 மீட்டர் நீளத்துக்கு ஒளிரும் பெரிய சுவரோவியங்களைக் காணலாம். ஓவியர் செயோங் லாய் தோங் வரைந்த சித்திரங்களைச் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளால் பதித்திருக்கிறார்கள். உள்ளே போகும் அவசரத்தில் இதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

உள்ளே நான்கு கூடங்கள். கற்கால மனிதனில் தொடங்கி இன்றைய மலேசியாவில் முடிகின்றன. ஆங்கிலேயர் காலத்துக் கூடத்தில்தான் ஈயமும் கித்தாவும் வருகின்றன. 1877இல் இந்த மண்ணுக்கு வந்த சில கன்றுகளிலிருந்துதானே நம் பாட்டன் பூட்டன் கதையே தொடங்குகிறது!

கித்தாவைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் வாசலில் தயங்கிய பெரியம்மா வாத்தியாராகிவிட்டார். “பட்டைய மட்டுந்தான் சீவணும். கத்தி உள்ள பட்டுச்சுன்னா மரத்துக்குக் காயம். கங்காணி ஏசுவாரு” என்று பிள்ளைகளுக்குக் கையை வைத்துக் காட்டினார். அறிமுகம் இல்லாத வேறொரு குடும்பமும் பக்கத்தில் நின்று கேட்டது. அட்டையில் எழுதியிருந்ததைவிட அவர் சொன்னதுதான் பிள்ளைகள் மனத்தில் பதிந்தது.

செங்கல்லும் கும்மட்டமும்

அடுத்துக் கட்டடங்களைப் பார்ப்போம். இதற்குக் காசு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்புமாக இருந்த ஊர் அழிந்தது. இனிச் செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. செங்கல் சூளைகள் எழுந்த இடத்துக்கு பிரிக்பீல்ட்ஸ் என்றே பெயராயிற்று. பிறகு ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர் பலர் குடும்பத்தோடு அங்கே குடியேறினார்கள்.

மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1894இல் தொடங்கி 1897இல் முடிந்தது. செங்கல் சுவர், வெள்ளை வளைவுகள், செப்புக் கும்மட்டங்கள், நடுவில் மணிக்கூண்டு. சற்றுத் தள்ளி பழைய ரயில் நிலையம் இருக்கிறது. ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1910இல் எழுந்தது.

இவற்றை எங்கோ பார்த்தது போலத் தோன்றும். தமிழ்ப் படங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தையும் எழும்பூர் ரயில் நிலையத்தையும் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே குடும்பம். வட இந்திய முகலாயர் கட்டடப் பாணியை ஆங்கிலேயர் தங்கள் முறையோடு கலந்து கட்டியவை. அந்தப் பாணி கடல் கடந்து இங்கேயும் வந்துவிட்டது.

ஓவியம் நமக்குப் புரியுமா?

பாலாய் செனி நெகாரா என்னும் தேசியக் கலைக்கூடம் 1958இல் தொடங்கப்பட்டது. முதலில் அதன் கையில் இருந்தவை நான்கே படைப்புகள். இடம் மாறி மாறி, 1998இல் தித்திவங்சா பக்கம் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. உள்ளே படி ஏறாமல், சுழன்று செல்லும் சரிவுப் பாதையிலேயே மேலே போகலாம். வயதானவர்களுக்கு வசதி.

சைட் தாஜுடின் என்ற ஓவியரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெடாவில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். இராமாயணத்தை வைத்து 1972இல் அவர் வரைந்த பெரிய ஓவியம் இக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் போகும் நாளில் அது சுவரில் இல்லாமலும் போகலாம். எது இருந்தாலும் பாருங்கள். ஓவியம் புரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். கோலத்தில் புள்ளி பிசகினால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற நம் பெண்களுக்கு, நிறமும் கோடும் தெரியாதா என்ன?

பங்சாரில் ஒரு மாலை

கடைசியாக, நாகரிகக் கடைகள் நிறைந்த பங்சாருக்குப் போனோம். ஜாலான் தெலாவியில் ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கு நம்மூர் ஒட்டுக்கடையில் குடும்பமே பசியாறி விடலாம்! வாங்க வேண்டியதில்லை. நடந்து பார்க்கலாம் அல்லவா?

நடக்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னேன். இந்த பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். 1906இல் லண்டனில் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் ரப்பர் கம்பெனிக்கு நகரின் ஓரத்தில் ஐந்து தோட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று பங்சார் தோட்டம். புஞ்சே, கிரிசார் என்ற இரு முதலாளிமார் பெயரைச் சேர்த்தே இப்பெயர் வந்தது என்பார்கள். நகரம் வளர வளர, தோட்டம் வீடமைப்புப் பகுதியாயிற்று.

பிள்ளைகள் நம்பவில்லை. பெரியம்மா மட்டும் மேட்டுச் சாலையை மேலும் கீழும் பார்த்தார். “இந்த மேட்டுல மழை நாளுல பால் வாளியத் தூக்கிட்டு எறங்கியிருந்தா எப்படி வழுக்கியிருக்கும்!” என்றார். அங்கே எத்தனை பேர் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்களோ! நாங்கள் நடந்த தெருக்களில் அதை நினைவூட்ட ஒரு ரப்பர் மரமும் கண்ணில் படவில்லை. தோட்டம் போனால் போகட்டும். கதையும் போய்விடலாமா? அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போகுமுன்

திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். பிள்ளைகள் சோர்ந்து விடுவார்கள். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, பிடித்ததை எழுதச் சொல்லுங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

வாசலில் அவர்கள் தயங்கினால், என் பெரியம்மாவுக்கு நான் சொன்னதையே சொல்லுங்கள்: “வாங்க, உள்ள நம்ம கதையும் இருக்கு.”